ஓரச் சிப்பாய்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

பெரியகுளத்தில் நடந்த ஆசிரியர் சதுரங்கப் போட்டியில் அந்தோணி சாரிடம் தோற்றுவிட்டேன். அவர் எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார்தான். போன மாதம் நடந்த ஒரு பெரிய சதுரங்கப் போட்டியின் ஆட்டங்களைப் பார்த்து, கறுப்புக் காயில் ஆடுபவர் ஓரச் சிப்பாயைத் தள்ளும் ஒரு தொடக்க ஆட்டமுறையைக் கண்டுபிடித்தது நான். ஆசையாக அவருக்கும் காட்டினேன். இன்று என்னிடமே அதை ஆடினார். அதற்குப் பதிலே கிடையாது என்று அவரிடம் சொன்னதும் நான்தான்.

கை குலுக்கும்போது, "கோவிச்சுக்கிட்டீகளா டீச்சர்? படிச்சத ஆடத்தான செய்யணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில், "அடுத்து எந்த ஆட்டம் பாக்குறீக?" என்று வெட்கமில்லாமல் கேட்டார். நாளைக்குக் காட்டுகிறேன் என்றேன். பார்க்க அழகாக இருந்து, பாதியில் ஆடுபவரின் ராணியே மாட்டிக்கொள்ளும் தொடக்கம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.