சங்குக்கும் வெடிக்கும் நடுவில்

இன்றைக்கும் மதியம் சங்கு ஊதியது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கப் போகிறோம், தள்ளிப் போங்கள் என்று ஊருக்குச் சொல்லும் அதே சங்குதான். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் வெடித்தது, ஜன்னல் அதிர்ந்தது. ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவு பழக்கம். எனக்கு மட்டும் உன் மேல் ஆத்திரமாக வந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது, இன்னும் ஆறவில்லை.

நீ விளையாட்டு டீச்சர், நான் கணக்கு டீச்சர். அரியலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் பதினோரு வருடம் வந்து போனோம். சண்டை போட்ட பிள்ளைகள் என்னிடம் வந்தால் முட்டி போட வைப்பேன். உன்னிடம் வந்தால் கொடிக்கம்பத்து மேடையில் உட்கார வைத்து ஒன்றுதான் கேட்பாய்.

"சங்கு எங்கடி ஊதுச்சு?"

முழிப்பார்கள். "சுரங்கத்துல சங்கு ஊதாம வெடி வைக்கிறானா? ஊதினதும் ஆடு மாட்ட ஓட்டிக்கிட்டு நகந்துடுறோம்ல? ஒடம்புலயும் மொதல்ல ஊதும். எங்கன்னு யோசிச்சுப் பாரு."

காது சுட்டது என்பாள் ஒருத்தி. பல்லைக் கடித்தேன் என்பாள் இன்னொருத்தி. "அதான் ஒன் சங்கு. ஊதினா எடத்த விட்டு நகந்துடு. தண்ணி குடி, கிரவுண்ட சுத்து, அழுவணும்னா அழு. வெடிக்கிற எடத்துல மட்டும் நிக்காத."

"பெரிய டாக்டரு!" என்று நான் சிரிப்பேன்.

"போடி, ஒனக்கு மூக்கு மேல ஊதுது. அது ஊருக்கே கேக்குது."

இப்போது இதற்கெல்லாம் பயிற்சி வந்துவிட்டது. பெரம்பலூரில் இரண்டு நாள் உட்கார வைத்து, ஐந்து முகம் வரைந்த அட்டை கொடுத்தார்கள். தினமும் காலையில் பிள்ளைகள் தங்கள் மனசுக்கு ஏற்ற முகத்தில் டிக் போட வேண்டும், நாங்கள் அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எல்லோரும் சிரிக்கிற முகத்திலேயே போடுகிறார்கள். அழுகிற முகத்தில் போட்டால் டீச்சர் கூப்பிட்டுக் குடைவார் என்று தெரிந்துகொண்டார்கள். சுத்தத் தண்டம்.

போன வாரம் ஒரு நாள் காலையில் சிரிக்கிற முகத்தில் டிக் போட்ட கயல்தான் அன்று மதியமே டிபன் பாக்ஸைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் எறிந்தாள். அவள் அம்மா உடையார்பாளையத்தில் முந்திரி உடைக்கப் போகிறவர். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். "அந்தக் கையால பெசஞ்ச சோறா, எனக்கு வேணாம்ப்பா" என்றிருக்கிறாள் பக்கத்தில் இருந்தவள். தெறித்த கண்ணாடி அப்படிச் சொன்னவள் புருவத்தில் பட்டு இரண்டு தையல். "டிசி குடுத்து அனுப்பிடுவோம் டீச்சர், நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார் தலைமை ஆசிரியர். அனுப்பினால் கயலும் முந்திரி உடைக்கத்தான் போவாள். அன்றைக்கு நீ இருந்திருந்தால் பாக்ஸ் கையை விட்டே போயிருக்காது.

நீ ஏன் இல்லை? அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தாய். ஜன்னலோரக் காற்றிலும் உனக்கு வேர்த்தது. "வாயுடி. சுக்குக் காப்பி குடிச்சா சரியாயிடும்" என்றாய். பஸ் ஸ்டாண்டில் நானே வாங்கிக் கொடுத்தேன். அன்று இரவே நெஞ்சுவலி. திங்கட்கிழமை பஸ்ஸில் உன் இடம் காலி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சங்கு கேட்கச் சொல்லிக் கொடுத்தவளே, உனக்கு ஊதியபோது ஏன் நகரவில்லை? பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள், நான்தான் ஏன் கேட்கவில்லை?

இன்று வெடிச் சத்தம் அடங்கியதும் கயலைக் கொடிக்கம்பத்தடிக்குக் கூட்டிப் போனேன். "சங்கு எங்கடி ஊதுச்சு?" என்று கேட்டேன். உன்னளவுக்கு எனக்கு அது வரவில்லை, அதட்டுகிற மாதிரிதான் வந்தது. நீ சொல்வதைப் போலவே விளக்கிச் சொன்னேன். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"உள்ளங்கை எரிஞ்சிச்சு டீச்சர். எங்கம்மா கை எரியுதுன்னு சொல்லும்ல, அப்புடி."

"இனிமே எரிஞ்சா?"

"கொழாத் தண்ணில கைய வச்சுக்கிறேன்." தன் புருவத்தைத் தொட்டுக் காட்டி, "அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "ஒங்களுக்கு எங்க டீச்சர் ஊதும்?"

மூக்கு என்று சொல்லிச் சிரிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. "தொண்டையில" என்றேன்.

"இப்ப ஊதுதா?"

தலையாட்டினேன். ஓடிப் போய் அவள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். குடித்தேன். அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அப்படியே தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். கயலுக்கு நான் பொறுப்பு, டிசி பேச்சு வேண்டாம் என்றேன். முணுமுணுத்துவிட்டு, பரீட்சை வரைக்கும் பார்ப்போம் என்றார்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற முன்பின் தெரியாதவர் தோளைத் தேய்த்தால்கூட, எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். உன்னிடம்தான் கேட்கவில்லை.