காதர் அண்ணன் அடிக்க மறுத்த மருந்து

வியாழக்கிழமை

இன்று காதர் அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனித் தோட்டத்தைப் பதினோரு வருடமாக நானும் அவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். நாளை எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார். புல்தரை முழுக்க எறும்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே மருந்தடிக்கச் சொன்னார் மேனேஜர்.

“காத்து பலமா அடிக்குதுங்க. பொம்பளைங்க பக்கத்துலயே உக்காந்து சோறுண்ணுட்டு இருக்காங்க. எல்லாரும் போனப்புறம் அடிச்சுக்கலாமுங்க” என்றார் அண்ணன்.

மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை அவருக்குப் படித்துச் சொன்னதே நான்தான்.

“முடியாதுன்னா கிளம்புங்க” என்றார் மேனேஜர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. அதோடு விட்டேனா? ஸ்பிரேயரை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டேன்.

அவர் உடனே போய்விடவில்லை. “உள்ள போயிருங்க கண்ணு, மருந்தடிக்கப் போறாங்க” என்று தையல் பெண்களை ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தன் முகமூடியை என் முகத்தில் மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினார்.

“காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு அடிங்க தம்பி” என்றார்.

அப்படியே நின்று அடித்தேன். கேட் எனக்குப் பின்னால் இருந்தது. அவர் போனதைக்கூட நான் பார்க்கவில்லை.

முகமூடியைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன்?