ஆளில்லாத நாற்காலி

என் பிடிவாதக்காரிக்கு,

நேரில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதி, உன் தட்டுக்கு அடியில் வைக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் துணிக்கடை வாசலில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, பக்கத்திலேயே பகல் முழுக்க நின்றாய். விற்பனைப் பெண்கள் உட்காரவே கூடாது என்ற கடைச் சட்டத்தை ஊருக்குக் காட்டுகிறாயாம். "ஒம்பொண்ணு மானத்த வாங்கறாளே" என்று பக்கத்துக் கவுண்டரில் புடவை விற்கும் அக்கா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னைத் திட்டி இழுத்துப்போகத்தான் வெளியே வந்தேன்.

நாற்காலியைப் பார்த்ததும் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஒரு பெண் படமெடுக்கக் கிட்டே வந்தாள். விருட்டென்று எழுந்து, "வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?" என்றேன். நடிப்பென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நீ மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்காக நீ மூக்கைச் சிந்தாதே. சாப்பிட்டுவிட்டுப் படு.

காலையில் நாற்காலியை நானே தூக்கி வருகிறேன். பக்கத்துக் கவுண்டர் அக்கா இப்போதுதான் போன் செய்தாள். "ஒண்ணு போதாதுடி. நாங்க எல்லாரும் வர்றோம்."

காலை நீட்டி உட்கார்ந்தபடி,
அம்மா