நாலு கோடு சிக்னல்

பிப். 6, செவ்வாய்

வாடைக் காற்று அடங்கிவிட்டது. கடல் குளம்போல. காலையில் ஒன்றிய அலுவலகம் போனேன். ஃபைபர் இணைய லைன் போகும் குடியிருப்புகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. மூன்று முறை படித்தேன். எங்கள் கரை இல்லை. காரணம்: 'செல்போன் சிக்னல் முழுமையாக உள்ளது.'

எல்லாம் என் வேலை. போன மாதம் சர்வேக்கு வந்த சாருக்கு மணல்மேட்டுப் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டது யார்? நான்தான். விருந்தாளிக்கு நல்ல இடம். நிழல், காற்று, நன்னாரி சர்பத், போனில் நாலு கோடு. அவர் கோட்டைப் பார்த்தார், டிக் போட்டார், போய்விட்டார். அது அக்கரை இலங்கை டவரின் கோடு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கோடு நிற்கும், பேச முடியாது. சொல்லத் தோன்றவில்லை எனக்கு. நானெல்லாம் வார்டு மெம்பராம்.

ஆட்சேபம் சொல்ல திங்கள் கடைசி.

பிப். 7, புதன்

கடலில் பாசி எடுக்கும் ஜெசிந்தா ஈரச் சேலையோடு வந்தாள். விதவை பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதைப் பதிய வேண்டும். அதற்கு இ-சேவை சென்டர் இருக்கும் தங்கச்சிமடத்துக்கு பஸ். போன வாரம் இரண்டு தடவை போய் சர்வர் இல்லையென்று திரும்பியவள். இரண்டு நாள் பாசி போச்சு.

"மெம்பரக்கா, வாரவுகளை எல்லாம் ஏன் அந்த மரத்தடியில உக்கார வைக்கிறீக? என் குடிசைக்குள்ள வச்சிருந்தா அன்னைக்கே லைன் வந்திருக்கும்."

டீ கொடுத்தேன்.

வெள்ளிக்கு: மனு 2 நகல். கையெழுத்துத் தாள். சீனி. செருப்பு தைக்க.

பிப். 9, வெள்ளி

மனு கொடுத்தேன். அதே சார்.

"நானே பார்த்தேனேம்மா. நாலு கோடு."

"அது நம்ம கோடு இல்ல சார்."

"பின்ன?"

"இலங்கைக் கோடு."

பக்கத்து மேஜை கிளார்க்கு சிரித்துவிட்டார். சாருக்கு முகம் சுருங்கியது. தெரிந்தே ஏன் அங்கே உட்கார வைத்தீர்கள் என்றார். மரியாதைக்கு வைத்தேன் சார், என் தப்புதான் என்றேன். சொன்னதும் மனசு லேசானது. திங்கள் வருகிறாராம்.

செருப்பு தைத்தாச்சு. சீனி மறந்தேன்.

அபுதாபியிலிருந்து வீட்டுக்காரரின் வாய்ஸ் மெசேஜ். பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் போனில் இறங்கியது. "சர்பத் குடுக்கத்தான் எலெக்சன்ல நின்னியா?" கொழுப்பு.

பிப். 12, திங்கள்

இலை அசையவில்லை. அதே மரம், அதே நாற்காலி. சர்பத் மட்டும் கொடுக்கவில்லை, வேலை முடியட்டும்.

ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க சார் என்றேன். போட்டார். போகவில்லை. எழுந்து நின்று போட்டார். பதிலுக்கு மெசேஜ் வந்தது, இலங்கைக்கு நல்வரவு என்று. நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

ஜெசிந்தா ஆதார் அட்டையோடு முன்னால் வந்து நின்றாள். "இங்கனயே என்னையப் பதிஞ்சு விடுங்க சார்." அவர் தன் போனில் முயன்றார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான் உசுரோடதான் சார் இருக்கேன். ஒங்க போனுதான் நம்ப மாட்டேங்குது."

சார் சிரித்தார், முதல் தடவையாக. பேனாவை எடுத்து 'பயன்படும் சிக்னல் இல்லை, லைன் தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதை இன்றைக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அதற்குத் தங்கச்சிமடம் போகணும் என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஜெசிந்தா அவர் ஜீப்பில் ஏறியிருந்தாள். ஏற்றுவதைக் கண்ணால் பார்க்காமல் இறங்க மாட்டாளாம்.

அஸர் தொழுதுவிட்டு வாசலிலேயே நின்றேன். ஐந்து மணி பஸ்ஸில் வந்தாள்.

"ஏத்தியாச்சு மெம்பரக்கா. நம்ம கரை பேரு பட்டியல்ல விழுந்ததைக் காட்டுனாரு. பக்கத்துலயே சென்டரு. உள்ள போயி நான் உசுரோட இருக்கேன்னும் குடுத்துட்டு வந்துட்டேன்."

இரண்டு பேரும் சர்பத் குடித்தோம். சாருக்குப் போட்ட நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன்.