நம்ம வீட்டுப் பொண்ணுக்கு மட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் வயிற்றில் இருப்பதும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் எந்நேர நினைப்பு. உடம்புக்கு என்று அழுத்திச் சொல்வது மனசு சரியில்லாததால்தான். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று கேட்பார், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

எங்கள் பிரசவ இல்லத்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு நிர்வாகக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், பிரசவத்துக்கு யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது, ஏதாவது தப்பாகப் போனால் யார் முடிவெடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எல்லாவற்றையும் அந்தக் குழு பேசி எழுதி வைக்க வேண்டும். நியாயமான சட்டம்தான், ஆனால் எனக்கு வாய்த்த குழுவைப் பார். தலைவர் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தை அவர் இழுக்கிற இழுப்பில் நர்ஸுகள் எல்லோரும் அவருக்கு ஜவ்வு என்றே பெயர் வைத்துவிட்டோம். துணிக்கடைக்காரர் ஒருவர், திரைச்சீலை இலவசமாகக் கொடுத்ததால் உறுப்பினரானவர். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர், வந்தால் உருப்படியாகப் பேசுவார், வருவதுதான் இல்லை. போன கூட்டத்தில் திரைச்சீலை பச்சையா நீலமா என்பதிலேயே சாயங்காலம் முழுதும் போயிற்று. வலியில் துடிக்கிறவள் திரைச்சீலையின் நிறத்தையா பார்க்கப் போகிறாள் என்று கேட்டேன், தலைமை நர்ஸ் கொஞ்சம் பொறுமையாப் பேசணும் என்று ஜவ்வு எனக்குப் புத்தி சொன்னார். ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிற விதியை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

சரி, பேச வேண்டாம், செய்து காட்டலாம் என்று குழுவின் கண்முன்னாலேயே சின்ன நர்ஸை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, பிரசவ அறையிலிருந்து வாசல் வண்டிவரை தள்ளிக்கொண்டு போனோம். நடைவழி திரும்பும் இடத்தில் ஜவ்வு ஆசை ஆசையாக வாங்கி வைத்த கண்ணாடி அலமாரி இருக்கிறது, உள்ளே கேடயங்களும் அவர் மாலை போட்டுக்கொண்ட போட்டோவும். ஸ்ட்ரெச்சர் அங்கே மாட்டியது, முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை. கொஞ்சம் சாய்ச்சு எடுத்துக்கிட்டுப் போங்களேன் என்கிறார் தலைவர். சாய்ச்சா நான் கீழே விழுந்துடுவேன் சார் என்கிறாள் படுத்திருப்பவள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலமாரியை நகர்த்தக்கூடத் தீர்மானம் போட வேண்டுமாம். அதைத் தாண்டினால் ரயில்வே கேட் வேறு, அது மூடியிருந்தால் வண்டியிலேயே உட்கார்ந்து ரயில்பெட்டிகளை எண்ண வேண்டியதுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் கூட்டம் ஆரம்பித்ததுமே ஜவ்வு முகமெல்லாம் பல்லாக, நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம இல்லத்துலதான் பிள்ளை பெத்துக்கணும்னு ஆசைப்படுது என்றார். நீ எனக்குத் தெரியாமல் அவருக்குப் போன் செய்திருக்கிறாய். முன்வாசலில் கிடைக்காதென்றால் கொல்லைப்புறமாகப் போகிற புத்தி அப்படியே உன் அப்பாவுடையது. முதல் பிரசவம் ஆபரேஷனில் ஆனவளை இங்கே சேர்ப்பதில்லை என்பது நானே சண்டை போட்டு எழுதவைத்த விதி. உனக்கு மட்டும் அதைத் தளர்த்துவதாகத் தீர்மானம், டாக்டரம்மா வழக்கம்போல வரவில்லை, மற்ற எல்லோரும் கை தூக்கினார்கள், குழு ஆரம்பித்த நாளிலிருந்து இழுபறி இல்லாமல் நிறைவேறியது இது ஒன்றுதான். நான் மட்டும் கூடாது என்றேன். பெத்த பொண்ணுக்கே இப்படியா, உங்க மனசு கல்லும்மா என்றார் துணிக்கடைக்காரர்.

கல்தான். பழைய ஆபரேஷன் தழும்பு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் பிரசவ வலியில் அது பிரிந்துகொண்டால் யோசிக்க நேரம் இருக்காது, ஆபரேஷன் அறையும் இரத்தமும் மயக்க டாக்டரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது கண்ணாடி அலமாரி. போன வாரம்தான் ஒரு தையல்காரப் பெண், உன்னைப் போலவே முதல் பிள்ளை ஆபரேஷன், உங்க கையிலதான் பொறக்கணும் அக்கா என்று அழுதாள், முடியாது என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஊருக்குத்தான் உபதேசம் உனக்கில்லையடி கண்ணே என்று அவள் என்னைக் கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? அதுகூடப் பெரிதில்லை, அவளுக்கு ஆபத்து என்று நான் நம்புகிற ஒன்று உனக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகும்?

உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. போன தடவை நீ இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாதவர்கள் நடுவில் கிடந்தாய், பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை என்று நீ சொன்னது இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அதற்காகவே இன்று காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பிடித்தேன், கூட்டத்துக்கு வராததற்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் உனக்காகக் கெஞ்சினேன். பிரசவ அறைக்குள் ஒருவரை விடுவாராம், ஆனால் நர்ஸா வரக் கூடாது, எதையும் தொடக் கூடாது, அம்மாவா வந்து நிக்கணும் என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

அதனால் நீயே ஜவ்வுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் சொன்னால் இன்னொரு கூட்டம் போடுவார். பயணத்தைத் தள்ளிப்போடாமல் உங்கள் டாக்டர் சம்மதிக்கும்போதே கிளம்பி வா, முதல் ஆபரேஷன் ரிப்போர்ட்டைக் கைப்பையிலேயே வை. பிடிவாதமாக இல்லத்து வாசலில் வந்து நின்றாயானால் கதவைத் திறக்க மாட்டேன், உன்னோடு வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பதை மட்டும் நினைவில் வை. உனக்கும் பிள்ளைகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் கிடைக்கட்டும். ஊரார் பிள்ளைகளை எல்லாம் ஏந்தி எடுத்த கை, உன் பிள்ளை பிறக்கும்போது சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, நீ அதை இறுக்கிப் பிடித்துக்கொள், வலித்தாலும் விட மாட்டேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நர்ஸாக இல்லாத
உன் அம்மா