வேன் வருமுன் போட்ட வருகை

குளுவாங்
15.7.2025, செவ்வாய் மாலை

அன்புள்ள ஷர்மினி டீச்சருக்கு,

போனை எடுத்தேன், நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் வகுப்புப் பிரவீனா கண் விழித்துவிட்டாள். மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வந்தேன். "டீச்சர், ரொம்ப சூடா இருந்துச்சு" என்றாள்.

இரண்டு மணி நேரம், டீச்சர்! கடைசி சீட்டில் தூங்கிப்போனவளைப் பார்க்காமல் வேலு அண்ணன் வேனைப் பூட்டிவிட்டார். அது அவர் தவறு. ஆனால் அவள் பள்ளிக்கு வந்துவிட்டதாகக் கணினியில் போட்டது நான். பயிற்சிக்கு வந்த முதல் வாரமே சொன்னீர்கள்: "தோட்டத்துப் பிள்ளைங்க வர்ற வேன் எப்பவும் லேட்டுதான்க்கா. எட்டு மணிக்குள்ள எல்லாரும் வந்ததா போட்டுடுங்க, எப்படியும் வந்துருவாங்க." வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். காய்ச்சலாக இருக்கும், பிறகு திருத்தலாம் என்று விட்டுவிட்டேன். வரவில்லை என்று போட்டிருந்தால் அலுவலகத்திலிருந்து அவள் அம்மாவுக்கு உடனே போன் போயிருக்கும்.

வியாழன் பத்து மணிக்குத் தலைமையாசிரியர் நம் இருவரையும் கூப்பிட்டிருக்கிறார். என்ன சொல்வது? பயமாக இருக்கிறது.

உங்கள் பயிற்சி ஆசிரியை,
பேட்ரிசியா

16.7.2025

அன்பு அக்கா,

என்னைவிட ஏழு வயது மூத்த உங்களுக்கு நான் வழிகாட்டியாக வந்ததே வேடிக்கைதான். இப்போது தங்கையாகக் கேட்கிறேன். நான் அப்படிச் சொன்னதாகச் சொல்லாதீர்கள். அது வாய்ப்பேச்சு, எழுத்தில் எதுவும் இல்லை. புதியவள், தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் உங்களைத் திட்டுவதோடு விட்டுவிடுவார்கள். என்னைக் கடல் தாண்டிச் சரவாக்குக்கு மாற்றிவிட்டால்? என் மகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை. நேற்றிலிருந்து ஒரு பருக்கை இறங்கவில்லை, அக்கா.

உங்கள் பயிற்சி மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். அது என் கையில்தானே இருக்கிறது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஷர்மினி

17.7.2025, காலை 6.40

ஷர்மினி டீச்சருக்கு,

எழுத்தில் எதுவும் இல்லை என்பதை எழுத்திலேயே கொடுத்துவிட்டீர்கள். நான் கிழிக்கவில்லை. உங்கள் குழந்தையை நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் பிரவீனாவும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே.

உங்கள் கடிதத்தை இத்துடன் வைத்து உங்களுக்கே திருப்பித் தருகிறேன். நகல் எடுக்கவில்லை, மாதா மேல் ஆணை. நான் செய்ததை நான் சொல்வேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் எனக்குப் பொய் வராது. மதிப்பெண் எப்படியோ போகட்டும்.

பேட்ரிசியா

17.7.2025, காலை 9.15

அக்கா,

நீங்கள் வகுப்பில் இருக்கும்போதே தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நான்கு வருடமாக இப்படித்தான் போடுகிறேன் என்பதையும் சொன்னேன். என் கடிதத்தையும் அவர் மேசையில் வைத்தேன். படித்தார். இப்போது கல்வி இலாகாவுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். நான் வெளியே பெஞ்சில் இருந்து இதை எழுதுகிறேன்.

பத்து மணிக்கு உள்ளே வரும்போது என் பக்கத்தில் உட்காருவீர்களா?

ஷர்மினி