உன் அம்மாவின் குரலுக்குப் பின்னால்

உன் பதினாறாம் நாள் காரியம் கழிந்து புறப்படும்போது, உன் அம்மா என் கையில் ஒரு கேசட்டைத் திணித்தார். "அவ பெட்டில இருந்ததுடீ. எனக்குக் கேக்கத் தைரியமில்ல." மூடியைத் திறந்ததும் நாடாவின் அந்தப் பழைய மெழுகு வாடை. நம் பன்னிரண்டு வயதில் உங்கள் வீட்டு மாடி அறையில் அடித்த அதே வாடை.

மலையாளம் கலந்து பேசும் பழவங்காடியில் உங்கள் வீட்டுக்குக் கடிதம் கேசட்டில்தான் வரும். துபாயில் ஹோட்டல் சமையல்காரரான உன் அப்பா பேசி அனுப்புவார். அதன்மேலேயே உன் அம்மா பதிலைப் பதிந்து, லீவு முடிந்து துபாய் திரும்பும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

அப்பா வெயிலைப் பற்றிப் பேசும்போது, பின்னால் அவர் அறையின் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரரின் டேப் ஓடிக்கொண்டிருக்கும். சண்டைக்கு வருவதுபோல், தாளத்துக்குள் யாரோ பேசிக்கொண்டே போகும் பாட்டு. ராப் என்ற பெயர்கூட நமக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஏதோ தெருவில் பிறந்தது, உன் அப்பாவின் இருமலைக் கடந்து நம்மிடம் வந்தது. பதில் பதிந்தால் அது அழிந்துவிடும். அதற்குள் மனப்பாடமாக வேண்டும். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, "அப்பா கொஞ்சம் மூச்சு விடட்டும்டீ, அப்பத்தான் டிரம் கேக்கும்" என்பாய்.

அம்மா பதில் பேசும்போது பின்னால் நின்று வாயாலேயே அந்த டிரம்மை அடிப்பாய். "மிண்டாம இரு, சனியனே! அப்பா என்ன நெனப்பார்?" என்று உன் வாயை அடக்கப் பார்ப்பார்.

அடுத்த கேசட்டில் அப்பா சிரித்தார். "பிலிப்பைன்காரன் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டான். குட்டி இன்னும் அனுப்பணுமாம், கேட்டோ."

இப்போது என் கையில் இருக்கும் இந்தக் கேசட் மட்டும் துபாய்க்குப் போகவில்லை. பதில் பதிந்த வாரம் அப்பா அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். அதன்பின் நீ தாளம் போட்டு நான் கேட்டதே இல்லை.

நேற்று சாலைச் சந்தையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் கிடைத்தது. "நாடா காஞ்சு கெடக்கு. ஒருதடவ ஓடினாலே பாக்கியம்" என்றார் கேசட்டைப் புரட்டிப் பார்த்த கடைக்காரர். வீட்டு மேசையில் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்துகொண்டே போட்டேன்.

மழை, ரேஷன் அரிசி, அம்மாவின் குரல். பின்னால் எச்சில் தெறிக்க நீ. திட்டு. உன் சிரிப்பு. பதில் அங்கே முடிந்தது. அதற்கப்பால் அழியாமல் மிஞ்சியிருந்த அப்பா பாதிப் பேச்சில் தொடங்கினார்: "...குட்டி, சத்தம் கேக்குதா?" பின்னால் டிரம். சட்டென்று நாடா அறுந்து சுருண்டது.

போனில் மறுபடி கேட்டேன். எல்லோரும் இருக்கிறீர்கள். கூடவே, மேசைமேல் டொக் டொக்கென்று இன்னொரு தாளம். என் விரல்கள். நாடா ஓடும்போது அடித்ததே எனக்குத் தெரியாது. இனி அதை உங்களிடமிருந்து பிரிக்க முடியாது.